பூட்டுப்பசையிட்ட திருகாணியைக் கழற்றுதல்

பூட்டுப்பசை என்பது திருகாணி, மரையாணி, சுரை ஆகியவற்றின் மரைகளுக்கிடையே இடப்பட்டு, அதிர்வினால் அவை தாமாகக் கழன்றுவிடாமல் தடுக்கும் ஒருவகைப் பிசின் ஆகும். இரு மரைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் இது திடப்பொருளாக மாறி இறுகிவிடுகிறது. இவ்வாறு இறுகிய திருகாணியைப் பின்னர் கழற்ற வேண்டிய தேவை ஏற்படும்போது பலரும் வலிமையையே முதலில் நாடுகின்றனர். ஆனால் பசை விடுவதற்கு முன்பே திருகாணியின் தலை சிதைந்துபோவது வழக்கம். பூட்டுப்பசையை வெல்வது பெரும்பாலும் வெப்பம்தான். எவ்வளவு வெப்பம், எங்கே, எதைக் காத்துக்கொண்டு என்பதே இவ்வேலையின் உட்கிடை ஆகும்.

துப்பாக்கியின் கைப்பிடித் தகடுகள், ஈருருளிகளின் நிறுத்தித் தட்டுகள், தையல் இயந்திரங்கள், நெசவுத்தறிகள் எனச் சிறிய திருகாணிகளும் இடைவிடாத அதிர்வும் சேர்ந்திருக்கும் இடங்களிலெல்லாம் இச்சிக்கல் எழுகிறது. இக்கட்டுரை பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் தறிகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

திருகாணிகள் ஏன் கழல்கின்றன

திருகாணி ஒன்றை முறுக்கும்போது அதன் தண்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுக்கப்பட்ட வில்லைப் போல அது இரு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. திருகாணியை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது இந்த அழுத்தத்தினால் உண்டாகும் உராய்வு ஆகும். முறுக்கும்போது நாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அழுத்தமாக மாறுகிறது. ஏனைய ஒன்பது பங்கும் தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது.

செருமானியப் பொறியாளர் கெர்ஃகார்டு யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை ஆகும். திருகாணியின் அச்சுக்கு இணையாக ஏற்படும் அதிர்வைவிட, அச்சுக்குக் குறுக்கே ஏற்படும் அதிர்வே அதனை விரைவாகக் கழற்றுகிறது என்று அவர் காட்டினார். பாகங்கள் பக்கவாட்டில் சிறிது வழுக்கும் ஒவ்வொரு முறையும் உராய்வு ஒரு கணம் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. அந்தக் கணத்தில் மரையின் சரிவு திருகாணியைப் பின்னோக்கித் திருப்புகிறது. பட்டறைகளில் இன்றும் நம்பிப் போடப்படும் வில் வளையம் இத்தகைய அதிர்வுக்கு எதிராக ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை என்பது அவர் பெயரால் வழங்கும் சோதனையில் மீண்டும் மீண்டும் தெரியவந்துள்ளது.

தறியின் இயக்கம் யுங்கரின் சோதனை இயந்திரத்தை நினைவூட்டுவது. சேலைக்குக் கரையும் முந்தியும் நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டி தறியின் உச்சியில் அமர்ந்திருக்கிறது. கைத்தறிகளில் 120, 240 கொக்கிகள் கொண்ட பெட்டிகள் பரவலாக உள்ளன. ஊடை இழை ஒன்று கடக்கும் ஒவ்வொரு முறையும் கொக்கிகள் தூக்கப்பட்டு விடப்படுகின்றன, துளையிட்ட அட்டை ஒரு படி நகர்கிறது, அச்சுப்பலகை முன்வந்து துணியை மோதுகிறது. ஆறு கெசச் சேலையின் நீளம் 216 அங்குலம். அங்குலத்திற்கு 60 ஊடை எனக் கொண்டால் ஒரு சேலைக்குள் இவ்வசைவு 12,960 முறை நிகழ்ந்திருக்கும். மின்னோடியால் தூக்கப்படும் பெட்டிகளிலும் மின்னணு ஜக்கார்டுகளிலும் மின்னோடியின் நடுக்கமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

வரலாறு

திருகாணி கழலாமல் இருக்கப் பழங்காலத்தில் ஆணியின் முனையை அடித்து மடக்குதல், குறுக்கு ஊசி செருகுதல், அரக்கு அல்லது வண்ணம் பூசுதல் போன்ற முறைகள் கையாளப்பட்டன. மூக்குக்கண்ணாடியின் சிறு திருகாணிக்கு நகப்பூச்சு ஒரு துளி வைக்கும் வீட்டு வழக்கம் இதன் தொடர்ச்சி எனலாம்.

இன்றைய பூட்டுப்பசையின் தொடக்கம் அமெரிக்காவின் செனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1940-களின் இறுதியில் கண்டறியப்பட்ட ஒரு பிசின் ஆகும். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை நீர்மமாக இருந்து, காற்று அற்றுப்போனதும் கெட்டியாகிவிடும் விந்தையான பண்பு அதற்கு இருந்தது. ஆனால் அதனைக் கெடாமல் வைத்திருக்கத் தொடர்ந்து காற்றை அதனுள் குமிழியிட வேண்டியிருந்ததால் வணிகப் பயன் ஏதும் கிட்டவில்லை. அந்நிறுவனத்தில் பணியாற்றிய இராபர்ட் கிரீபிள் இச்சிக்கலைத் தம் தந்தையிடம் கூறினார். தந்தை வெர்னன் கிரீபிள், கனெக்டிகட் மாநிலம் ஆர்ட்ஃபோர்டு நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அவர் 1953-இல் குப்பியில் அடைத்து வைக்கத்தக்க நிலையான வடிவத்தை உருவாக்கினார். 1956-இல் அது லாக்டைட் என்னும் பெயரில் பொதுமக்கள் முன் அறிமுகமானது. அப்பெயரைச் சூட்டியவர் அவருடைய மருமகள் நான்சி கிரீபிள். 1997-இல் செருமனியின் எங்கெல் நிறுவனம் லாக்டைட்டை முழுமையாக வாங்கிக்கொண்டது. இப்போது பல நிறுவனங்கள் இவ்வகைப் பசையைச் செய்கின்றன. எனினும் பேச்சுவழக்கில் எல்லாமே லாக்டைட் என்றே அழைக்கப்படுகின்றன.

வேதியியல்

பூட்டுப்பசை காற்றில்லாப் பசைகள் என்னும் வகையைச் சேர்ந்தது. இதன் முதன்மைப் பொருள் இரு முனைகளிலும் வினைபுரியக்கூடிய மெத்தாக்ரிலேட்டு மூலக்கூறு. இதனுடன் கியூமீன் ஐதரோபெராக்சைடு போன்ற தொடக்கியும், வினையை விரைவுபடுத்தும் அமீன்களும் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. விரைவூக்கியாகப் பல கலவைகளில் சேர்வது, சருக்கரைக்கு மாற்றாக நாம் அறிந்த சாக்கரின் ஆகும்.

பசை இறுகுவதற்கு இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, ஆக்சிசன் இல்லாமை. தொடக்கியிலிருந்து பிறக்கும் தனியுறுப்புகளை ஆக்சிசன் உடனுக்குடன் பிடித்துக்கொள்வதால் காற்று உள்ளவரை சங்கிலித் தொடர்வினை நடைபெறாது. இரண்டாவது, உலோகத்தின் தொடுகை. இரும்பு, செம்பு போன்றவற்றின் அயனிகள் பெராக்சைடைச் சிதைத்து வினையைத் தொடக்கி வைக்கின்றன. முறுக்கப்பட்ட மரைக்குள் இவ்விரண்டும் ஒருங்கே அமைகின்றன. பித்தளையிலும் சாதாரண எஃகிலும் பசை விரைவாக இறுகும். துருப்பிடிக்கா எஃகு, துத்தநாகம் பூசிய ஆணி, ஆனோடாக்கிய அலுமினியம் ஆகியவற்றில் மெதுவாகவே இறுகும். முழு வலு கிட்டப் பொதுவாக 24 மணி நேரம் ஆகும்.

புதிதாக வாங்கிய குப்பி பாதிதான் நிரம்பியிருப்பதைக் கண்டு கடைக்காரரை ஐயுறுவோர் உண்டு. உள்ளேயுள்ள காற்றே பசையைக் காத்து வருகிறது. குப்பியும் ஆக்சிசன் ஊடுருவத்தக்க பாலிஎத்திலீனால் ஆனது. அதனை முழுதும் நிரப்பினால் பசை உள்ளேயே கெட்டியாகிவிடும்.

இறுகிய பசை வெப்பத்தால் உருகி ஓடுவதில்லை. மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கொண்ட பலபடி அது. சூடேறும்போது மென்மையாகி வலுவை இழக்கிறது. சுமார் 150 பாகை செல்சியசு வரை அது பயன்பாட்டில் தாங்கும். அதனைத் தாண்டியதும் வலு விரைவாகக் குறைகிறது. உறுதியான வகைகளைக் கழற்ற உற்பத்தியாளர்கள் பரிந்துரைப்பது ஏறத்தாழ 250 பாகை செல்சியசு. சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும் என்பதும் அப்பரிந்துரையின் பகுதியே. சூடாக்கிவிட்டுத் திருப்புளியைத் தேடிச் சென்றால், ஆறிய பசை தன் வலுவில் பெரும்பங்கைத் திரும்பப் பெற்றுவிடும்.

நிறங்கள்

லாக்டைட் வரிசையில் ஊதா நிறம் 222 எண்ணுடைய வலுக்குறைந்த வகையைக் குறிக்கும். இது 6 மில்லிமீட்டருக்கும் சிறிய திருகாணிகளுக்கு உரியது. நீல நிற 242, 243 இடைநிலை வலு உடையவை. இவற்றைச் சாதாரணக் கைக்கருவிகளால் கழற்றலாம். சிவப்பு நிற 262, 271 ஆகியவை நிரந்தரமாகப் பூட்டுவதற்கானவை. பச்சை நிற 290, ஏற்கெனவே முறுக்கிய மரைக்குள் தானாக ஊறிச் செல்லும் தன்மையது.

இந்நிறங்கள் எவ்விதச் செந்தரமும் அல்ல. ஒரு நிறுவனத்தின் பச்சை மற்றொன்றின் சிவப்பைவிட உறுதியாக இருக்கலாம். எனவே மரையோரத்தில் தெரியும் நிறத்தைக் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். மேலும், நீலப் பசையாயினும் 3 மில்லிமீட்டர் திருகாணியில் நிறைய இடப்பட்டிருந்தால் அது சிவப்பைப் போலவே நடந்துகொள்ளும். பசை பற்றியிருக்கும் பரப்பு மரையின் நீளத்தோடு கூடுகிறது. சிறு திருகாணியின் தலை தாங்கும் முறுக்குவிசையோ மிகக் குறைவு.

இறுக்கத்தின் காரணத்தை அறிதல்

கழலாத திருகாணிகள் எல்லாவற்றிலும் பூட்டுப்பசை இருப்பதில்லை. துரு, அளவுக்கு மீறிய முறுக்கு, மேலே பூசிய வண்ணம், ஈரத்தால் ஊதிய மரம் ஆகியவையும் காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறியாமல் வேலையைத் தொடங்குவதே பெரும்பாலான சேதங்களுக்கு மூலம் ஆகும். துருவுக்கு ஊடுருவும் எண்ணெய் உதவும். இறுகிய பூட்டுப்பசையை அதே எண்ணெய் சிறிதும் அசைக்காது, ஏனெனில் அது கரைவதுமில்லை, எண்ணெய் நுழைய இடைவெளி விடுவதுமில்லை.

தலையின் விளிம்பிலோ மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலோ நிறமுள்ள கண்ணாடி போன்ற படிவு தெரிந்தால் அது பசை. செந்தூள் உதிர்ந்தால் துரு. திருகாணி சிறிது அசையத் தொடங்கிய பின்னர் கிடைக்கும் உணர்வும் வேறுபடும். துருவேறியது கிறீச்சிட்டு விட்டுவிட்டு நகரும். மிகையாக முறுக்கப்பட்டது முதல் அசைவிற்குப் பின் விரலாலேயே சுழலும். பசையிட்டது ஒரு சொடுக்குடன் விட்டு, அதன் பிறகும் முழு நீளத்துக்கும் கனமாகவே திரும்பும், நொறுங்கிய பசை மரைகளுக்கிடையே சிக்கிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். வெளிவந்த ஆணியில் வெண்மையான அல்லது நிறமுள்ள தூள் ஒட்டியிருக்கும்.

திடீர் ஒட்டுப்பசையைப் பூட்டுப்பசைக்குப் பதிலாக இட்டிருப்பதும் உண்டு. அது குறைந்த வெப்பத்திலேயே இளகும். அசிட்டோனிலும் மெல்லக் கரையும். நகப்பூச்சும் அசிட்டோனுக்கு இளகிவிடும். உண்மையான பூட்டுப்பசை இறுகிய பின் அசிட்டோனால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. அதனைத் தாக்கவல்ல டைகுளோரோமீத்தேன் கொண்ட நீக்கிகள் உடலுக்குக் கேடு விளைவிப்பவை. வீட்டு அறையில் அவற்றைப் பயன்படுத்தலாகாது.

கழற்றும் முறை

முதலில் பொருத்தமான திருப்புளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேர்வெட்டுத் தலைக்கு வெட்டின் முழு அகலத்தையும் நிரப்பும் அலகு தேவை. கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் அலகு ஆப்பு வடிவில் சரிந்திருப்பதால், வெட்டின் மேல்விளிம்பை மட்டுமே தொட்டு வெளியே ஏறிவிடுகிறது. துப்பாக்கி பழுதுபார்ப்போரும் கடிகாரம் பழுதுபார்ப்போரும் முனையில் இருபுறமும் இணையாகத் தீட்டிய அலகுகளைப் பயன்படுத்துவது இதனால்தான். கூட்டல் குறித் தலை 1930-களில் என்றி பிலிப்சின் பெயரால் பரவியது. முறுக்குவிசை கூடினால் திருப்புளி அதிலிருந்து மேலெழும்பி வெளியேறும். சப்பானிய இயந்திரங்களின் கூட்டல் தலைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சற்று வேறுபட்ட வடிவுடையவை. அவற்றிற்கு அந்நாட்டுச் செந்தரத் திருப்புளியே சரியாகப் பொருந்தும். அறுகோணக் குழித் தலையாயின், குழிக்குள் படிந்த பசையையும் தூசியையும் ஊசியால் சுரண்டி எடுத்த பின்னரே சாவியைச் செருக வேண்டும். பாதி ஆழம் நுழைந்த சாவி குழியை வட்டமாக்கிவிடும்.

அடுத்தது வெப்பம். சிறு திருகாணிகளுக்கு, கடைகளில் சால்டரிங் அயர்ன் எனக் கேட்டு வாங்கப்படும் பற்றாசுக்கோலே ஏற்ற கருவி. அதன் முனை 300 பாகைக்கு மேல் சூடேறினாலும், அவ்வெப்பம் தொட்ட இடத்தில் மட்டுமே செல்லும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் திருகாணியின் தலைமீது முனையை நன்கு அழுத்தி, ஒரு நிமிடம் அளவில் வைத்திருக்க வேண்டும். தலை அடுத்துள்ள உலோகத்தைச் சூடாக்குவதைவிட, திருகாணியையே சூடாக்குவது நல்லது. வெப்பம் தண்டு வழியே இறங்கி மரையை அடைகிறது.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. 60 விழுக்காடு வெள்ளீயமும் 40 விழுக்காடு ஈயமும் கொண்ட பற்றாசுக் கம்பி 183 பாகையில் இளகத் தொடங்கி 190 பாகை அளவில் முழுதும் உருகும். கோலின் முனையைத் தொடாமல், தலையின் மறுவிளிம்பில் கம்பியைத் தொட்டுப் பார்த்து, அது இளகினால் இடைநிலைப் பசை விடும் வெப்பத்தை எட்டியதாகக் கொள்ளலாம். உருகிய பற்றாசு மரைக்குள் வழிய விடக்கூடாது.

சூடு ஏறியதும் கோலை எடுத்துவிட்டு உடனே திருப்புளியைப் பொருத்தி, மேலிருந்து நன்கு அழுத்தியவாறு, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவும் பின்னர் கழற்றும் திசையிலும் அசைத்துக் கொடுக்க வேண்டும். விடவில்லை எனில் வலிமையைக் கூட்டாமல் மீண்டும் சூடாக்குவதே முறை. இரண்டாம், மூன்றாம் முறையில் பெரும்பாலும் விட்டுவிடும். சுத்தியலால் தட்டும்போது சிறிது சுழலும் அதிர்வுத் திருப்புளியும் உதவும். வெப்பத்தோடு சேர்த்து, தாங்கும் வலுவுள்ள வார்ப்பிரும்புச் சட்டங்களில் மட்டும் அதனைப் பயன்படுத்தலாம்.

அலுமினியப் பாகத்தில் எஃகுத் திருகாணி இருந்தால் மேலும் ஒரு நன்மை உண்டு. அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடைவதால், சூட்டில் மரையின் பிடி சிறிது தளர்கிறது. எனவே இங்கு சுற்றியுள்ள பாகத்தையும் சேர்த்துச் சூடாக்குவது பயன் தரும்.

பெரிய மரையாணிகள் பதிந்திருக்கும் கனத்த சட்டங்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பற்றாசுக்கோல் அங்குப் போதாது. வெப்பக்காற்று ஊதியோ ஊதுவிளக்கோ வேண்டும். பசை சூடேறும்போது எழும் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தக்கூடியதாதலால் காற்றோட்டம் இன்றியமையாதது.

தறியில் கவனிக்க வேண்டியவை

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர். அரிசி ஆலைகளுக்கும் பட்டுச் சேலைகளுக்கும் பெயர்பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. ஊரிலும் சுற்றியுள்ள சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் தறிகள் பெரும்பாலும் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. நெசவாளரின் கூலி சேலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், தறி நின்ற நாள் கூலி இல்லாத நாள். ஜக்கார்டு பெட்டியில் ஒரு திருகாணி விடவில்லை என்பது இங்கு ஒரு குடும்பத்தின் வருவாயைத் தொடும் செய்தி ஆகும். அவசரப்பட்டுத் தலையைச் சிதைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

சிக்கலின் வேர் பெட்டியின் இருப்பிடத்தில் உள்ளது. அது பாவிற்கு நேர் மேலே இருக்கிறது. பெட்டியிலிருந்து சிந்தும் எதுவும், எண்ணெய்த் துளியோ உருகிய பற்றாசோ துளையிடும்போது உதிரும் இரும்புத் துகளோ, கீழே விரிந்திருக்கும் பட்டிழைகளின்மேல் விழும். பாவு ஒன்று பல சேலைகளுக்கு உரியது. அதன் நடுவே படிந்த எண்ணெய்க்கறை நெய்து முடிந்த சேலையில் தெரியும். பட்டு 110 பாகை செல்சியசில் சில நிமிடங்களுக்கு மேல் இருந்தாலே மஞ்சளிக்கத் தொடங்குகிறது. 170 பாகையை ஒட்டிச் சிதைகிறது. பூட்டுப்பசை இளகத் தேவைப்படும் வெப்பம் இவ்விரண்டையும் கடந்தது. பெட்டியிலிருந்து தொங்கும் கயிறுகள் நைலானாக இருந்தால் அவையும் 220 பாகை அளவில் உருகிவிடும். பெட்டியைத் தாங்கும் மரச்சட்டம் 200 பாகைக்கு மேல் பழுப்பேறிக் கருகும்.

ஆகவே வெப்பக்காற்று ஊதியையும் தீச்சுடரையும் பாவு கட்டிய தறியின்மேல் பயன்படுத்துவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கூடுமான இடத்தில் பாகத்தைச் சட்டத்தோடு இறக்கி, வெளியே வைத்துச் சூடாக்குவதே சிறந்தது. இறக்க முடியாத இடத்தில், பாவின்மேல் முதலில் ஈரமற்ற தடித்த பருத்தித் துணியையும் அதன்மேல் ஒரு தகரத் தட்டையும் பரப்பிய பின் பற்றாசுக்கோலை மட்டும் பயன்படுத்தலாம். ஈரத்துணியைப் போடுவது பாதுகாப்பாகத் தோன்றினாலும் பட்டிழையில் நீர்க்கறை விழக் காரணமாகும். மின்னணு ஜக்கார்டாயின் மின்னிணைப்பைத் துண்டித்து, அருகிலுள்ள மின்காந்தச் சுருள்களின் கம்பிகளை விலக்கி வைக்க வேண்டும்.

மரச்சட்டத்தில் பதித்த உலோகப் புரிகுழல்களில் மற்றொரு பொறி உண்டு. திருகாணி புரிகுழலுக்குள்ளும், புரிகுழல் மரத்துக்குள்ளும் திருகப்பட்டிருக்கிறது. திருப்பும்போது இரண்டில் எது வலுக்குறைந்ததோ அதுவே விடும். உள்ளே இறுகிய பசை இருந்தால், திருகாணி குழலோடு சேர்ந்து மரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். இவ்விடங்களில் வெப்பமின்றித் திருப்ப முயல்வது மரத்தைக் கெடுப்பதில் முடியும்.

துப்பாக்கிக் கைப்பிடியில்

இரண்டு மரைகள் தொடராக அமைந்த இதே சிக்கல் கைத்துப்பாக்கிகளில் நன்கு அறியப்பட்டது. அமெரிக்க 1911 வகைத் துப்பாக்கியில் கைப்பிடித் தகட்டின் திருகாணிகள், பக்கத்துக்கு இரண்டாக, சட்டத்தில் திருகிய சிறு புரிகுழல்களுக்குள் செல்கின்றன. சுடும்போது ஏற்படும் உதைப்பினால் கழலாமல் இருக்கப் பசை இட்டவர், பின்னர் அதனைத் திருப்பும்போது குழலும் சேர்ந்து கழன்று வருவதைக் காண்பார். சட்டத்தின் மரை மென்மையாயின் அதுவும் கெடும். இதற்கு முறையான ஏற்பாடு, குழலைச் சட்டத்தில் உறுதியான பசையாலும் திருகாணியைக் குழலில் வலுக்குறைந்த பசையாலும் பூட்டுவதே. இந்தியாவில் ஈசாப்பூர் துமுக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 9 மில்லிமீட்டர் 1ஏ கைத்துப்பாக்கி பிரவுனிங் ஐ-பவர் வடிவமைப்பைப் பின்பற்றியது. அதில் பக்கத்துக்கு ஒரு திருகாணிதான் உண்டு.

கைப்பிடித் தகடு மரமாயின் கருகும், நெகிழியாயின் உருகும். பற்றாசுக்கோலின் முனை திருகாணித் தலையைவிடச் சிறியதாக இருந்தால் தகடு தப்பும். அனைத்திற்கும் முன்பாகத் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்கூட்டை எடுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். தோட்டா இருக்கும் துப்பாக்கியைச் சூடாக்கினால் அது தானே வெடிக்கக்கூடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியாவில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும் என்பதால், இவ்வேலை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே செல்ல வேண்டியது.

1751-இல் இராபர்ட் கிளைவ் ஆரணியருகே போரிட்டபோது இரு தரப்பினரும் ஏந்திய துப்பாக்கிகளின் திருகாணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கையால் மரை வெட்டப்பட்டவை. ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொன்றுக்குப் பொருந்தாது. சோசப் விட்வொர்த்து தம் மரைச் செந்தரத்தை முன்மொழிந்தது 1841-இல்தான். தலை சிதைந்தால் கடைக்குச் சென்று மற்றொன்று வாங்கிக்கொள்ளும் வசதி அதற்குப் பின் வந்தது.

தலை சிதைந்துவிட்டால்

நேர்வெட்டு சிதைந்த தலையில் சிறு அரத்தாலோ வெட்டும் தட்டாலோ புதிய வெட்டு ஒன்றை ஆழப்படுத்தலாம். தலை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பூட்டிப் பிடிக்கும் குறடால் பற்றித் திருப்பலாம். இரண்டுக்கும் வழியில்லை எனில் துளையிட வேண்டும். இதற்கு இடப்புறம் சுழலும் துளையலகு சிறந்தது. துளையிடும்போது உண்டாகும் சூடும் கழற்றும் திசையிலான இழுப்பும் சேர்ந்து, பல வேளைகளில் திருகாணி பாதித் துளையிலேயே சுழன்று வெளிவந்துவிடும். துளைக்குள் செருகித் திருப்பும் பிடுங்கியைச் சிறு திருகாணிகளில் தவிர்ப்பது நலம். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளையலகு எதுவும் அதனைத் தொடாது.

தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டால் பாகம் கழன்று வந்துவிடும். எஞ்சிய தண்டில் இழுவிசை இல்லாததால், சூடாக்கிக் குறடால் திருப்புவது எளிது.

மீண்டும் பொருத்துதல்

மரைகளிலுள்ள பழைய பசைத்தூளைக் கம்பித் தூரிகையால் நீக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். எண்ணெய் படிந்த மரையில் பசை சரியாகப் பற்றாது. மீண்டும் கழற்ற வேண்டிய எந்தத் திருகாணிக்கும் ஊதா அல்லது நீல வகை போதும். மரை தொடங்கும் இடத்தில் ஒரு துளியே தேவை. மிகையான பசை வெளியே வழிந்து நகரும் பாகங்களுக்குள் சென்று அவற்றையும் பூட்டிவிடும். ஜக்கார்டு கொக்கிகளும் ஊசிகளும் மிக நெருக்கமாக அமைந்தவை என்பதால் அங்கு இது கவலைக்குரியது. இறுகாத பசை ஏ.பி.எசு., பாலிகார்பனேட்டு போன்ற நெகிழிகளில் விரிசல் உண்டாக்கும். எனவே நெகிழி உறைகளின் திருகாணிகளுக்கு இதனைப் பயன்படுத்தக்கூடாது.

மரத்தில் நேரடியாகத் திருகும் ஆணிகளுக்கும் இப்பசை பயன்படாது. மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது, மறுபுறம் உலோகமும் இல்லை. பசை பல நாள் கழித்தும் ஈரமாகவே இருக்கும். அங்குத் தளர்ந்த துளையில் மெல்லிய மரச்சில்லைத் தச்சர் பசையுடன் செருகி, உலர்ந்த பின் ஆணியைத் திருகுவது நெடுங்காலமாக உள்ள முறை.